செக் இன்ஜின் விளக்கு அணைத்தாலும் திரும்ப வருகிறது: 2005 மாடல் பெட்ரோல் செடான், பி0171

நீலசெடான்05:

வண்டி 2005 மாடல். 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல், மேனுவல் கியர். ஓடோமீட்டர் 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. செக் இன்ஜின் விளக்கு எரிந்ததால் பட்டறையில் காட்டினேன். ஸ்கேனர் போட்டார்கள், பி0171 வந்தது. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று சொல்லி, முன்பக்க சென்சாரை மாற்றி, எரர் கோடையும் அழித்துக் கொடுத்தார்கள். விளக்கு அணைந்தது. கொஞ்ச நாளில் மறுபடி அதே விளக்கு, அதே கோட்.

இப்போது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம், இல்லையென்றால் இன்ஜினை நடத்தும் கணினியான இசிஎம்மே போயிருக்கலாம் என்கிறார்கள். இரண்டுமே பெரிய செலவு. வண்டி ஓட்டத்தில் பெரிதாகக் குறை ஒன்றும் தெரியவில்லை. நிற்கும்போது லேசான நடுக்கம் இருக்கிறது. மேட்டில் இழுவை குறைந்த மாதிரி ஒரு சந்தேகம். என்னிடம் ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. அடுத்து எதை மாற்றலாம், சொல்லுங்கள்.

டார்க்ரெஞ்ச்:

ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். என் வண்டியில் இதே கோட் வந்தபோது அப்படித்தான் போனது. சின்னச் செலவிலிருந்து ஆரம்பிப்பதுதான் நல்லது.

கிரீஸ்கை:

எதையும் மாற்றாதீர்கள். முதலில் அந்த ஸ்கேனரை எடுங்கள்.

பி0171 என்பது ஒரு பாகத்தின் பெயர் இல்லை. "பேங்க் 1-இல் கலவை லீனாக இருக்கிறது" என்பதுதான் அதன் பொருள். பேங்க் 1 என்றால் முதல் சிலிண்டர் இருக்கும் வரிசை, லீன் என்றால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும், எடைக் கணக்கில். எரிந்து வெளியே போகும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று முன்பக்க சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மிச்சம் இருந்தால் இசிஎம் பெட்ரோலைக் கூட்டும், இல்லாவிட்டால் குறைக்கும். அந்தக் கூட்டல் குறைச்சலுக்குத்தான் ஃப்யூல் டிரிம் என்று பெயர். அந்தந்த நொடியில் செய்வது ஷார்ட் டெர்ம், நாள்பட நினைவில் வைத்துக்கொள்வது லாங் டெர்ம். கூட்டிக்கூட்டி எல்லைக்குப் போன பிறகும் கலவை லீனாகவே இருந்தால் பி0171 போட்டு விளக்கை எரியவிடும். அந்த எல்லை வண்டிக்கு வண்டி மாறும். பல வண்டிகளில் லாங் டெர்ம் டிரிம் +25 சதவீதத்தை ஒட்டிப் போகும்போது விழும்.

ஆக, லீன் என்ற செய்தியைச் சொன்னது அந்த சென்சார்தான். செய்தி சொன்னதற்காக அதையே மாற்றியிருக்கிறார்கள். அது பொய் சொல்லவும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதைச் சோதித்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

டார்க்ரெஞ்ச் சார், ஏர் ஃபில்டர் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. இந்த வண்டியில், உள்ளே போகும் காற்றை எடை போடும் எம்ஏஎஃப் சென்சார் இருக்குமென்று நினைக்கிறேன். ஃபில்டர் அடைத்தால் உள்ளே போகும் காற்று குறையும், அந்தக் குறைந்த காற்றைத்தான் எம்ஏஎஃப் அளக்கும், அதற்கேற்றபடி பெட்ரோலும் குறையும். இழுவை போகுமே தவிர கலவை லீனாகாது. பிளக் கதை வேறு. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும், சென்சார் அதை லீன் என்று படித்துவிடும். உங்கள் வண்டியில் பிளக்தான் வேலை செய்திருக்க வேண்டும்.

நீலசெடான், எனக்கு வேண்டியது இவ்வளவுதான். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஆப்பில் ஒரு பக்கம் இருக்கும். கோட் விழுந்த அந்த நொடியில் ஆர்பிஎம், லோடு (இன்ஜின் சுமக்கும் பளு), கூலன்ட் வெப்பம், வேகம், டிரிம் என்ன என்று அங்கே பதிந்திருக்கும். அதை அப்படியே எழுதுங்கள். அப்புறம் வண்டி நன்றாகச் சூடான பிறகு ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் டிரிம் இரண்டும். நின்றபடியே 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து அதே இரண்டும். இரண்டு நிலையிலும் எம்ஏஎஃப் கிராம் கணக்கு. அதுவரை எரர் கோடை அழிக்காதீர்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும்.

புதுஓட்டுநர்:

நடுவே ஒரு கேள்வி. எனக்கும் இந்த விளக்கு எரிகிறது, ஆனால் சில நேரம் சிமிட்டுகிறது. இதுவும் அதே வகையா?

வயர்மேன்:

இல்லை, இது அவசரம். நிலையாக எரிந்தால் நாள் பார்த்துச் சரி செய்யலாம். சிமிட்டினால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவது, நடக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதை உருக்கிவிடும். சிமிட்டும்போது ஆக்சிலரேட்டரை விட்டு, ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். கோட் பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று நிலையாகத் தெரியவில்லை. பி0301, பி0302 என்று வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோடும் கூடவே நகர்ந்தால் காயில்தான். நகராவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். தனி இழையாகப் போடுங்கள், பேசலாம்.

நீலசெடான்05:

கிரீஸ்கை அண்ணா, கேட்டவை இதோ.

ஃப்ரீஸ் ஃப்ரேம்: ஆர்பிஎம் 760, லோடு 21%, கூலன்ட் 91 டிகிரி, வேகம் 0, ஷார்ட் டெர்ம் +7, லாங் டெர்ம் +25.

இப்போது ஐடிலில், சூடாக: ஷார்ட் டெர்ம் +3க்கும் +8க்கும் நடுவே ஆடுகிறது, லாங் டெர்ம் +23. எம்ஏஎஃப் வினாடிக்கு 1.5 கிராம்.

2,500 ஆர்பிஎம்மில்: ஷார்ட் டெர்ம் +1, லாங் டெர்ம் +9. எம்ஏஎஃப் 8 கிராமுக்குக் கொஞ்சம் கீழே.

ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டிலிருந்து 0.8 வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. நல்லதா கெட்டதா தெரியவில்லை.

கிரீஸ்கை:

சென்சார் நல்லது. அந்த வகை சென்சார் 0.1க்கும் 0.9க்கும் நடுவே வேகமாக ஆடத்தான் வேண்டும். ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மற்றபடி உங்கள் எண்கள் தெளிவாகவே பேசுகின்றன. இரண்டு டிரிமையும் கூட்டினால் ஐடிலில் +28 பக்கம், 2,500-இல் +10. சூடான நல்ல இன்ஜினில் கூட்டுத்தொகை 5க்குள் இருக்கும், 10 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஐடிலில் மிக மோசம், ஆர்பிஎம் ஏறினால் குறைகிறது என்றால் அது வேக்குவம் லீக், இன்டேக்கில் எங்கோ ஓட்டை. காரணம் இதுதான். ஐடிலில் திராட்டில் மூடியிருக்கும், இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சல் பலமாக இருக்கும், ஓட்டை வழியாகக் காற்று இழுக்கும். ஐடிலில் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதனால் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏறும்போது எம்ஏஎஃப் வழியாக வரும் காற்று பல மடங்காகும், ஓட்டைக் காற்று பெரிதாகக் கூடாது. பங்கு சுருங்கிவிடும்.

எம்ஏஎஃப் 1.5 என்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. சூடான ஐடிலில் லிட்டருக்கு ஒரு கிராம், அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பு உண்டு. 1.8 லிட்டருக்கு 2 கிராமை ஒட்டி வர வேண்டும். மீதிக் காற்று எம்ஏஎஃப்பைத் தாண்டி, அதற்குத் தெரியாமல், வேறு வழியாக உள்ளே போகிறது.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்தால் இந்த எண்கள் வராது. இசிஎம்மை விட்டுவிடுங்கள், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

பழையபிஸ்டன்:

எனக்குக் கொஞ்சம் குழப்பம். என் வண்டியில் பிரேக் பூஸ்டர் ஹோஸ் கிழிந்து காற்று இழுத்தது, சீறும் சத்தம்கூடக் கேட்டது. டிரிம் ஒன்றும் பெரிதாக மாறவில்லை, கோடும் விழவில்லை. ஐடில் மட்டும் 1,200க்கு ஏறி நின்றது. நீங்கள் சொல்கிற கணக்குப்படி லீன் கோட் வந்திருக்க வேண்டுமே?

கிரீஸ்கை:

உங்கள் வண்டியில் எம்ஏஎஃப் இருக்காது, எம்ஏபி சென்சார்தான் இருக்கும். அது காற்றை எடை போடுவதில்லை, மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்குப் போடுகிறது. ஓட்டை வழியாக வந்த காற்றும் மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கூட்டும், அதற்கும் சேர்த்தே பெட்ரோல் போய்விடும். கலவை சரியாக இருக்கும், ஐடில்தான் ஏறும். இணையத்தில் ஒருவருக்குப் பலித்த வைத்தியம் இன்னொருவருக்குப் பலிக்காததற்கு இது ஒரு காரணம். வண்டியில் எந்த சென்சார் என்று பார்க்காமலே யோசனை சொல்லிவிடுகிறோம்.

வயர்மேன்:

ஒன்று சேர்க்கிறேன். ஹோஸ்களைத் தேடும் முன் பர்ஜ் வால்வைப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் ஆவியைச் சேர்த்து வைக்கும் கேனிஸ்டரிலிருந்து இன்டேக்குக்கு ஒரு மெல்லிய ஹோஸ் வரும், நடுவில் மின்சார வால்வு. அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் அதுவும் வேக்குவம் லீக்தான். பெட்ரோல் நிரப்பிய உடனே வண்டி ஸ்டார்ட் ஆகத் தடுமாறினால் இதன் மேல் சந்தேகம் வலுக்கும். ஐடிலில் அந்த ஹோஸைக் கழற்றி, இன்டேக் பக்கத் துளையை அடைத்துவிட்டு டிரிமைப் பாருங்கள். சட்டென்று இறங்கினால் வால்வு. இடுக்கியால் ஹோஸை நசுக்காதீர்கள், பழைய ஹோஸ் வெடித்துவிடும். இல்லாத லீக்கை நீங்களே உண்டாக்கியதாகிவிடும்.

டார்க்ரெஞ்ச்:

இவ்வளவு எதற்கு? இன்ஜின் ஓடும்போது கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை மேனிஃபோல்டைச் சுற்றி அடியுங்கள். எங்கே அடிக்கும்போது ஐடில் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. காலங்காலமாகச் செய்வதுதானே.

கிரீஸ்கை:

செய்வதுதான். தீப்பிடித்ததையும் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கும், பிளக் வயர் பழசாக இருந்தால் பொறி கசியும். அது போக, ஸ்ப்ரே காற்றில் அலைந்து ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போனாலும் ஐடில் மாறும், ஓட்டை இல்லாத இடத்தை ஓட்டை என்று நம்பிவிடுவோம். இப்போது ஸ்மோக் டெஸ்ட் பல இடங்களில் செய்கிறார்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது இன்டேக்கை அடைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே விடுவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் புகை எட்டிப்பார்க்கும்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லி வாங்குங்கள்: சோதனை இன்ஜின் சூடாக இருக்கும்போது நடக்க வேண்டும். உங்கள் ஃப்ரீஸ் ஃப்ரேமில் கூலன்ட் 91 டிகிரி. சில ரப்பர் குளிரில் இறுகி மூடிக்கொள்ளும், சூட்டில் இளகி வாயைத் திறக்கும். மேனிஃபோல்டு காஸ்கெட் சில வண்டிகளில் இதற்கு நேர் எதிர், குளிரில் லீக், சூட்டில் அடங்கிவிடும். கோட் எந்த வெப்பத்தில் விழுந்ததோ அதே வெப்பத்தில் தேட வேண்டும். பிசிவி ஹோஸ் (இன்ஜின் அடிப்பெட்டி ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவருவது), பிரேக் பூஸ்டர் ஹோஸ், எம்ஏஎஃப்புக்கும் திராட்டிலுக்கும் நடுவே இருக்கும் மடிப்பு ரப்பர் குழாய், ஆயில் டிப்ஸ்டிக் ஓ-ரிங், ஆயில் மூடி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மேல்பக்கம் பளபளவென்று இருக்கும் ஹோஸ் அடிப்பக்கம் பிளந்திருக்கும்.

நீலசெடான்05:

கண்டுபிடித்தாயிற்று. பர்ஜ் வால்வு ஹோஸை அடைத்தபோது மாற்றமே இல்லை. பிறகு வேறொரு பட்டறையில் ஸ்மோக் டெஸ்ட். வண்டியை ஓட்டிச் சூடாக்கி, உடனே சோதிக்கச் சொன்னேன். பிசிவி ஹோஸ் மேனிஃபோல்டில் சேரும் வளைவில், அடிப்பக்கம், புகை நன்றாகவே வந்தது. கழற்றிப் பார்த்தால் ஆயிலில் ஊறி ரப்பர் தொளதொளவென்று ஆகிவிட்டது. விரலால் அழுத்தினால் பிளவு திறக்கிறது. புது ஹோஸ், புது பிசிவி வால்வு போட்டோம்.

ஐடிலில் இப்போது லாங் டெர்ம் +3, ஷார்ட் டெர்ம் பூஜ்ஜியத்தைச் சுற்றி. எம்ஏஎஃப் 2.1. நடுக்கம் போய்விட்டது. கோடை அழித்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

பழையபிஸ்டன்:

அருமை. ஒரு ஹோஸுக்காக இசிஎம் மாற்ற இருந்தார்களே!

கிரீஸ்கை:

நல்லது. ஆனால் இழையை மூட வேண்டாம். 2,500-இல் இருந்த அந்த +10 எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. வேக்குவம் லீக் மட்டும் என்றால் அந்த இடத்தில் இன்னும் இறங்கியிருக்க வேண்டும். மேட்டில் இழுவை குறைந்த மாதிரி இருக்கிறது என்றும் முதலில் எழுதியிருந்தீர்கள். ஓடும்போது, லோடில், டிரிம் என்ன என்று ஒருமுறை பதிவு செய்து பாருங்கள்.

நீலசெடான்05:

உங்கள் வாய் முகூர்த்தம், அண்ணா. விளக்கு திரும்ப வந்துவிட்டது. அதே பி0171. ஃப்ரீஸ் ஃப்ரேம் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது:

ஆர்பிஎம் 3,150, லோடு 64%, கூலன்ட் 89 டிகிரி, வேகம் 94 கி.மீ., ஷார்ட் டெர்ம் +6, லாங் டெர்ம் +25.

ஐடிலில் இன்னமும் +3தான். ஹோஸ் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் இது என்ன?

டார்க்ரெஞ்ச்:

ஃப்யூல் பம்ப். இனி சந்தேகமே வேண்டாம். வேகத்தில் பெட்ரோல் போதவில்லை.

கிரீஸ்கை:

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கோட் ஒன்றுதான், கோளாறு இரண்டு. பழைய வண்டியில் இது சகஜம். முதல் கோளாறு ஐடிலில் கத்திக்கொண்டிருந்ததால் இரண்டாவதன் சத்தம் கேட்கவில்லை.

ஐடிலில் சரி, லோடில் லீன் என்றால் இரண்டு பேர் மேல்தான் முக்கியமாகச் சந்தேகம். ஒன்று பெட்ரோல் பக்கம்: பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர், அடைத்த இன்ஜெக்டர். இன்னொன்று எம்ஏஎஃப்: அதன் மெல்லிய கம்பியில் அழுக்கு படிந்து, காற்று நிறைய வரும்போது குறைத்துச் சொல்வது. இரண்டிலும் டிரிம் ஒரே மாதிரிதான் ஏறும். பிரித்தறிய ஒரு கணக்கு இருக்கிறது, பேனாவும் தாளும் போதும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. 1.8 லிட்டர், 4,000 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 1.8 × 2,000 = 3,600 லிட்டர், அதாவது வினாடிக்கு 60 லிட்டர். ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிராம். ஆக முழுதாக நிரம்பினால் 72 கிராம். டர்போ இல்லாத இன்ஜின் முழுதாக நிரம்பாது, முழு ஆக்சிலரேட்டரில் 75-லிருந்து 90 சதவீதம் வரை நிரம்பும். அப்படியானால் 4,000 ஆர்பிஎம்மில் எம்ஏஎஃப் 54க்குக் குறையாமல் காட்ட வேண்டும். மலைப்பகுதியில் உயரம் கூடினால் காற்று மெலியும், எண்ணும் குறையும்.

காலியான நேரான சாலையில், இரண்டாவது கியரில், பக்கத்தில் ஒருவர் ஆப்பைப் பார்த்துக்கொள்ள, முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து 4,000 தாண்டும்போது எம்ஏஎஃப்பையும் முன்பக்க ஆக்சிஜன் சென்சாரையும் பதிவு செய்யுங்கள். ஓட்டுகிறவர் போனைப் பார்க்க வேண்டாம். முழு ஆக்சிலரேட்டரில் இசிஎம் ஓப்பன் லூப்புக்குப் போய்விடும், அதாவது சென்சார் சொல்வதைக் கேட்டுத் திருத்தாது, ஷார்ட் டெர்ம் டிரிமை அந்த நேரம் பார்த்துப் பயனில்லை. எம்ஏஎஃப் எண் நன்றாக இருந்து, சென்சார் 0.2 வோல்ட்டிலேயே கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. எம்ஏஎஃப் எண்ணே குறைவாக இருந்தால் அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

பழையபிஸ்டன்:

ஏர் ஃபில்டரோ சைலன்சரோ அடைத்திருந்தாலும் எம்ஏஎஃப் எண் குறையாதா?

கிரீஸ்கை:

குறையும். ஆனால் அப்போது உண்மையாகவே காற்று குறைவு, பெட்ரோலும் அதற்கேற்பக் குறைந்திருக்கும், டிரிம் சாதாரணமாக இருக்கும். எண் குறைவு, டிரிம் +25 என்று இரண்டும் சேர்ந்து வந்தால், காற்று உள்ளே வந்திருக்கிறது, எம்ஏஎஃப்தான் அதைச் சொல்லவில்லை.

வயர்மேன்:

எம்ஏஎஃப் மேல் பழி போடும் முன் அதன் கனெக்டரையும் எர்த்தையும் ஒரு முறை. இன்ஜின் ஓடும்போது, விளக்கும் ஃபேனும் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனை சென்சாரின் எர்த் பின்னில், மறுமுனை பேட்டரி நெகட்டிவில். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பழைய வண்டிகளில் பாடி எர்த் போல்ட் துருப்பிடித்து வித்தியாசமான எரர் கோடெல்லாம் வரவைக்கும். ஆல்டர்னேட்டர் 13.5க்கும் 14.7க்கும் நடுவே கொடுக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று, அந்த ப்ளூடூத் ஸ்கேனரை வண்டியிலேயே சொருகி விட்டுவிடாதீர்கள். ஸ்கேனரைச் சொருகும் ஓபிடி-2 சாக்கெட்டின் 16-ஆவது பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் இருக்கும். வண்டியை நாள்கணக்கில் நிறுத்தினால் பேட்டரி இறங்கும்.

மூன்றுபெட்டி:

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். எனக்கு பி0420, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோட். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மாற்ற வேண்டும் என்கிறார்கள். நான் 1994 மாடல் வண்டி வைத்திருந்தபோது இந்தத் தொல்லையெல்லாம் இல்லை.

கிரீஸ்கை:

1994-இலும் விளக்கு இருந்தது, கன்வெர்ட்டரைக் கண்காணிக்கும் வசதிதான் பெரும்பாலும் இல்லை. டயக்னாஸ்டிக் கனெக்டரில் இரண்டு பின்னை வயரால் இணைத்து, விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணிப் படித்த காலம் அது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து ஓபிடி-2 கட்டாயமானது, ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது. அதன் பிறகுதான் கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு சென்சார் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் முறை பரவியது.

உங்கள் பி0420-க்கு வருகிறேன். பின்பக்க சென்சாரின் வோல்ட்டை வரைபடமாகப் பாருங்கள். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் 0.6, 0.7 என்று ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும். முன்பக்க சென்சார் மாதிரியே மேலும் கீழும் ஆடினால் கன்வெர்ட்டர் தளர்ந்துவிட்டது. அப்படியே இருந்தாலும், அது ஏன் தளர்ந்தது என்று பார்க்காமல் புதிதைப் போட்டால் அதுவும் போகும். மிஸ்ஃபயர், ரிச் கலவை (பெட்ரோல் மிகுந்தது), ஆயில் எரிவது, இவைதான் அதைக் கொல்பவை. முன்பக்க எக்ஸாஸ்ட் இணைப்பில் லீக் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் சென்சார்களைக் குழப்பும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்டு பக்கம் டிக் டிக் என்று சத்தம் வருகிறதா, கரி படிந்த கோடு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

நீலசெடான்05:

நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தார். 4,000 ஆர்பிஎம்மில் எம்ஏஎஃப் 43 கிராம். முன்பக்க சென்சார் 0.3 பக்கம். எர்த் சோதனையில் 0.03 வோல்ட், ஆல்டர்னேட்டர் 14.1.

72-இல் 43 என்றால் 60 சதவீதம்தான் வருகிறது. டிரிமும் +25. நீங்கள் சொன்ன கணக்குப்படி எம்ஏஎஃப் குறைத்துச் சொல்கிறது, சரியா?

கிரீஸ்கை:

சரி. இப்போது சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தொடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள், காற்றுத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். முடியை விட மெல்லிய கம்பி அது. எம்ஏஎஃப்புக்கென்றே தனி ஸ்ப்ரே விற்கிறார்கள், படிவு விடாமல் காய்ந்துவிடும். கார்ப் கிளீனரை இதில் அடிக்கக் கூடாது. அடித்த பிறகு முழுதாகக் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஏர் ஃபில்டர் என்ன வகை என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

நீலசெடான்05:

ஃபில்டர், கழுவி ஆயில் தடவித் திரும்பப் போடும் பருத்தி வகை. முந்தைய உரிமையாளர் போட்டது. எம்ஏஎஃப் கம்பியில் பழுப்பாக ஒரு படலம், அதில் பஞ்சு இழை வேறு ஒட்டியிருந்தது. ஸ்ப்ரே அடித்துக் காயவிட்டு மாட்டினேன். 4,000-இல் 51 கிராமுக்கு ஏறியது. லாங் டெர்ம், லோடில் +12.

மூன்றுபெட்டி:

அந்த ஃபில்டரைத் திட்டாதீர்கள், நான் பல வருஷமாகப் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

கிரீஸ்கை:

ஆயிலை அளவாகத் தடவினால் ஆகாது. சொட்டச்சொட்டத் தடவி உடனே மாட்டுகிறவர்களிடம்தான் தகராறு. தெருவில் ஓடுகிற சாதாரண வண்டிக்கு கம்பெனி கொடுத்த காகித ஃபில்டரே போதும் என்பது என் கருத்து. அதற்காக உங்களோடு சண்டைக்கு வரவில்லை.

நீலசெடான், 51 என்பது 71 சதவீதம். பாதி வழி வந்திருக்கிறது. புது சென்சார் வாங்கும் முன் ஃப்யூல் பிரஷர் கேஜ் ஒன்று மாட்டிப் பாருங்கள், பம்பை விடுதலை செய்துவிடலாம். உங்களுடையது போன்ற இன்ஜினில் பெரும்பாலும் 3-லிருந்து 4 பார் வரை இருக்கும், சரியான எண்ணை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். நிற்கும்போது மட்டுமல்ல, லோடில் ஓடும்போதும் விழாமல் நிற்க வேண்டும். நின்றால் எம்ஏஎஃப் மாற்றுங்கள். அசல் சென்சார் அல்லது அதை உண்மையாகத் தயாரித்த கம்பெனியின் சென்சார் மட்டும். பெயர் தெரியாத நகலைப் போட்டால் அது காட்டுகிற எண்ணை வைத்து இன்னொரு இழை ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

நீலசெடான்05:

பிரஷர் ஐடிலிலும் லோடிலும் 3.5 பாரிலேயே நின்றது, மேனுவலில் இருப்பதும் அதுதான். அசல் எம்ஏஎஃப் போட்டேன், கூடவே காகித ஃபில்டர். 4,000-இல் 59 கிராம். முழு ஆக்சிலரேட்டரில் முன்பக்க சென்சார் 0.86. லாங் டெர்ம் ஐடிலில் +2, லோடில் +3. மேட்டில் கியர் இறக்காமலே ஏறுகிறது.

கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது. அடுத்து மாசுக் கட்டுப்பாட்டுக்கான புகைச் சோதனைக்குப் போக வேண்டும். கோடை அழித்த உடனே போகலாமா?

வயர்மேன்:

ஓபிடி சாக்கெட்டில் பார்க்கும் சோதனை என்றால் போகாதீர்கள். அழித்தால் ரெடினஸ் மானிட்டர்களும், அதாவது வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்த குறிப்புகளும், பூஜ்ஜியமாகிவிடும். விளக்கு எரியாவிட்டாலும் "சோதனை முடியவில்லை" என்று காட்டும், திருப்பி அனுப்புவார்கள். பேட்டரியைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இதே கதைதான். ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில் ஸ்டார்ட், கொஞ்சம் ஐடில், நகர ஓட்டம், பிறகு நெடுஞ்சாலையில் நிலையான வேகம் என்று கலந்து ஓட்டுங்கள். ஆப்பில் ரெடினஸ் பக்கத்தில் ஒவ்வொன்றாக முடிந்தது என்று மாறும். கேட்டலிஸ்ட்டும், டேங்க் ஆவியைச் சோதிக்கும் ஈவாப்பும்தான் கடைசியில் வரும். ஈவாப் பல வண்டிகளில் டேங்க் கால்வாசிக்குக் கீழோ, நிறைந்தோ இருந்தால் ஓடாது, பாதியளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழையபிஸ்டன்:

கோளாறைச் சரி செய்துவிட்டு, அழிக்காமல் விட்டால் விளக்கு தானாக அணையாதா?

வயர்மேன்:

அணையும். அந்தச் சோதனை ஓடி, தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் கோளாறு தென்படாவிட்டால் விளக்கு அணையும். நினைவிலிருந்து கோட் போக 40 முறை இன்ஜின் சூடாகி ஆற வேண்டும். எரிவதற்கும் பெரும்பாலான கோளாறுகள் அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் தெரிய வேண்டும். முதல் ஓட்டத்தில் பார்த்ததை பெண்டிங் என்று குறித்து வைக்கும். விளக்கு எரியும் முன்பே பெண்டிங் பக்கத்தைப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நீலசெடான்05:

பெண்டிங் காலி. ஈவாப் தவிர எல்லா மானிட்டரும் முடிந்தது என்று காட்டுகிறது, டேங்க் நிறைந்திருக்கிறது, இறங்கட்டும். கிரீஸ்கை அண்ணா, முதலில் கழற்றிய பழைய ஆக்சிஜன் சென்சார் பெட்டியில் இருக்கிறது. தூக்கிப் போடவா?

கிரீஸ்கை:

வைத்துக்கொள்ளுங்கள். அதில் குறையிருந்ததாக யாரும் சோதித்துச் சொல்லவில்லை. முனையில் தூசி படாமல் மூடி வையுங்கள்.

மூன்றுபெட்டி:

என் பக்கத்துச் செய்தி: பின்பக்க சென்சார் நேர்கோடாகவே இருக்கிறது, காலையில் டிக் டிக் சத்தமும் கேட்கிறது. மேனிஃபோல்டு காஸ்கெட் சொல்லியிருக்கிறேன். மாட்டியதும் வரைபடத்தைத் தனி இழையில் போடுகிறேன்.